அத்தப்பன் பேசறேனுங்க

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் ஆயிரத்து நானூறு பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். தர்மபுரிக்காரரை அண்ணா என்றேன். உசிலம்பட்டிக்காரரை அண்ணே என்றேன். சேத்தியாத்தோப்பில் ஒரு அம்மாவிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அதே நேரத்தில் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், வெயிலுக்கு ஒதுங்கி வண்டிக்கு அடியில் படுத்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டும் இருந்தேன். வாய்க்குள் ஈ போனதால்தான் விழித்தேன். விழித்திருந்த அந்த ஆயிரத்து நானூறு அத்தப்பன்களில் ஒருத்தன் வாயிலும் ஈ போகவில்லை. அவர்கள் வேறு ஜாதி.

நான் போர் போடும் வண்டியில் வேலை செய்கிறவன். திருச்செங்கோட்டு வண்டி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் வேலை ராடு மாட்டுவது. துளை இருபது அடி இறங்கியதும் அடுத்த இருபதடி இரும்பு ராடைத் தூக்கி, உள்ளே போனதன் தலையில் மாட்ட வேண்டும். ஆயிரம் அடி என்றால் ஐம்பது தடவை மாட்டி, ஐம்பது தடவை கழற்ற வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், முதுகு வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அது இருந்தது.

எங்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. சூடம் கொளுத்தித் துளை ஆரம்பித்த இடத்தில் 'தண்ணி இல்லை' என்ற பேச்சு வண்டிக்காரன் வாயிலிருந்து வரக் கூடாது. நானூறு அடி, ஐந்நூறு அடி என்று வெறும் மண்புகையாகவே வந்துகொண்டிருக்கும். நிலத்தின் சொந்தக்காரரான தோட்டக்காரர் அந்தப் புகைக்குள்ளேயே நின்று, தலை மயிர் வெளுத்து, ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடிப் போயிருப்பார். அவரிடம் சொல்வதற்கு நாங்கள் ஒன்று வைத்திருக்கிறோம். 'இன்னும் ரெண்டு ராடு பாக்கலாமுங்க.' தண்ணீர் வரும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். அந்த நாற்பது அடி போகிற நேரத்தில் தேற்றிக்கொண்டு, 'போதும்ப்பா' என்பார். போதும் என்பதை நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் வண்டி நிற்காது.

இப்படி ஆயிரம் பேரைத் தேற்றியிருப்பேன். அதை யாரோ ஒருநாள் ஒட்டுக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

எங்கள் முதலாளி மாதேஸ்வரன் மற்ற கம்பெனிகள் வீடியோ போடுவதைப் பார்த்துத் தானும் போட்டார். மேலே பறக்கிற கேமரா, கீழே எங்கள் வண்டி, வண்டிக்கு முன்னால் குடத்தோடு ஆடுகிற ஒரு பெண். ஒரு வாரத்தில் பதினோரு பேர் பார்த்தார்கள். ஒன்பது பேர் முதலாளியின் சொந்தக்காரர்கள். மீதி இரண்டு பேர் அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்களாக இருக்கும்.

பிறகு எங்கள் டிரில்லர் குழந்தைவேல் சும்மா தன் போனில் ஒன்று எடுத்தான். நான் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே, ஒரு தோட்டக்காரரிடம் 'இன்னும் ரெண்டு ராடு பாக்கலாமுங்க' என்கிறேன். சொல்லி வாய் மூடுவதற்குள் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து என் சோற்றுத் தட்டை அடித்துக்கொண்டு போகிறது. நான் தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் வீடியோ. அதை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். தண்ணீர் வந்ததைப் பார்க்க அல்ல, சோறு போனதைப் பார்க்க.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முன்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்தார்.

"ஏண்டா அத்தப்பா, உன்ற மூஞ்சியில அப்படி என்னடா இருக்குது?"

"மண்ணுங்க."

"கழுவிராத," என்றார்.

அடுத்த வாரம் கோயமுத்தூரிலிருந்து மிருதுளா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வீடியோ போட்டு வியாபாரத்தைத் தூக்கிவிடுகிற கம்பெனியில் வேலை. வெயிலில் நின்று பழக்கமில்லாததால் என் ராடுகளின் மேல் கை வைத்துச் சுட்டுக்கொண்டாள்.

"அண்ணா, உங்க மொகத்துல விக்கணும்ங்கற ஆசையே தெரியல. அந்த மொகம்தான் விக்கும்."

"புரியலீங்."

"பாத்தா நம்பற மாதிரி இருக்கீங்க."

"என்ற ஊட்டுக்காரிகிட்ட இத ஒருக்கா சொல்ல முடியுங்களா?"

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். "எல்லாருக்கும் ஒரே வீடியோவக் காட்டறதெல்லாம் பழசுண்ணா. இனி பாக்கற ஒவ்வொருத்தருக்கும் தனி வீடியோ. அவங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவீங்க. அவங்க ஊர்ப் பேச்சுல பேசுவீங்க. பின்னாடி அவங்க தோட்டமே தெரியும். அவங்க கேள்வி கேட்டா பதில் சொல்வீங்க."

"நானுங்களா?"

"உங்க நிழல். நாங்க அதுக்கு வெச்சிருக்கற பேரு. ஆறு மாசம் கழுத்துல ஒரு மைக் போட்டுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வேலை செய்ங்க. பேச்சு, இருமல், இழுவை எல்லாத்தையும் அது கத்துக்கும்."

"நான் தூங்கறப்பவும் அது பேசுங்களா?"

"நீங்க செத்த பிறகும் பேசும்ணா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதுக்குத் தனி ஒப்பந்தம்."

"பொய் பேசுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "பொய் பேசாது. நீங்க எந்த எடத்துல எதச் சொல்லி மழுப்புவீங்களோ, அந்த எடத்துல அதச் சொல்லும்."

கைநாட்டு வைத்தேன். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. நாற்பத்து மூன்று வயதுவரை தேவைப்படவில்லை. நிழல் வந்த பிறகுதான், என் மூஞ்சிக்குக் கீழே ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் என்று அறிய ஆசை வந்து, குழந்தைவேலிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கற்றேன். வண்டி ஓடுகிற நேரம்தான் பள்ளிக்கூடம், வழியிலுள்ள ஊர்ப் பலகைகள்தான் பாடம். ஆந்திராவுக்குள் போனால் பலகையெல்லாம் அந்த ஊர் எழுத்து, அதனால் எனக்கு அங்கே லீவு. யார் உதவியும் இல்லாமல் நான் வாசித்த முதல் வார்த்தை 'ஃப்ராடு'. என் மூஞ்சிக்கு நேர் கீழே இருந்தது. மூன்று புள்ளி எதற்கு என்று நானே கண்டுபிடித்த சந்தோஷத்தில், திட்டு வாங்கியது சாயங்காலம்தான் உறைத்தது.

இன்னொரு வகைக் கமெண்டும் நிறைய இருந்தது. 'அண்ணன் இப்போ பேசறதில்லை.' 'போர் முடிஞ்சதும் அண்ணன் மறந்துட்டாரு.' யாரோ கிறுக்கர்கள் என்று விட்டுவிட்டேன். நான் யாரிடமும் எப்போதும் பேசியதில்லையே.

நிழல் வந்த பிறகு வண்டி நிற்கவில்லை. ஒன்று மூன்றாயிற்று. ஜனங்கள் நிழலோடு வாரக்கணக்கில் பேசி, இடம் பார்த்து, தேதி வாங்கி, வண்டி வரும் நாளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ராடைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போனால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அத்தப்பன் பேசுவது கேட்கவில்லை என்பார்கள். ஓமலூர்ப் பக்கம் டீக்கடையில் ஒருத்தர் போனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க அவரு மாதிரியே இருக்கறீங்க."

"நாந்தானுங்க அவரு."

"அப்படியா, எங்க, ஏதாச்சும் பேசுங்க பாப்போம்."

என்ன பேசுவது என்று தெரியாமல், டீயில் சர்க்கரை அதிகம் என்றேன். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். "இல்லீங்க. அவரு நல்லாப் பேசுவாரு."

ஐப்பசியில் ஒருநாள் அடுத்த இடத்தின் சீட்டைக் குழந்தைவேல் என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னான். என் படிப்புக்குப் பரீட்சை. மொரப்பூர்ப் பக்கம் ஒரு ஊர். பேரை எழுத்துக் கூட்டினேன். பா. வா. யி.

அது என் தங்கச்சி.

எனக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு. அவள் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தார். சத்தீஸ்கரில் வண்டி நின்றதால் நான் போய்ச் சேர மூன்று நாளாயிற்று. அதற்குப் பிறகு நான் போகவில்லை, பேசவும் இல்லை. வேலை என்று சொல்லிக்கொள்வேன். வேலை இருந்ததும் நிஜம். ஆனால் அவளைக் கூப்பிட்டால் அவள் அழுதுவிடுவாளோ, நான் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது. ஐம்பது ராடு தூக்குகிறவனுக்கு ஒரு போனைத் தூக்க முடியவில்லை.

நாங்கள் போனபோது தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தாள். பின்னால் ஒரு கிணறு, அடியில் பச்சையாய்க் கொஞ்சம் தண்ணீர். இரண்டு எருமைகள். மகள் ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். இவள் ஒருத்திதான் இங்கே.

"வாண்ணா. இன்னைக்கு வருவேன்னு நேத்தே சொன்னியே," என்றாள்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"போன்ல."

 சூடம் கொளுத்தினோம். துளை இறங்கியது. நான் ராடு மாட்டினேன். நூறு அடி, இருநூறு அடி, வெறும் புகை. அவள் போனை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு, புகைக்கு முதுகைக் காட்டி, யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று எனக்குத் தெரியும். ஒருத்தன் இரும்பு தூக்க, ஒருத்தன் குசலம் விசாரிக்க என்று நாங்கள் இரண்டு அண்ணன்மாராகப் போயிருந்தோம்.

இருபத்து மூன்றாவது ராடில் புகை சேறாக மாறியது. பிறகு தண்ணீர். குழந்தைவேல் தண்ணீர் வரத்தை அளந்து பார்த்து என்னைக் கூப்பிட்டான்.

"ஒன்றரை இஞ்ச். இந்தப் பூமியில இது பெரிய விசயம். ஆனா அடியில கல்லு ஒடைசலா இருக்குது, சத்தத்தக் கேளு. இதுக்கு மேல போனா வந்த தண்ணியும் வெடிப்புக்குள்ள எறங்கிப் போயிரும். உன்ற தங்கச்சிகிட்ட போதும்னு சொல்லச் சொல்லு."

ஓடினேன். "அம்மணி, ஒன்றரை இஞ்ச் வந்திருச்சு. போதும்னு சொல்லிரு. கீழ போனா இதும் இருக்காது."

"இரு, அண்ணனக் கேக்கறேன்."

"நாந்தாண்டி அண்ணன்."

"நீ சித்த இரு."

போனைத் திருப்பினாள். அதில் நான் இருந்தேன். அதே மண் அப்பிய மூஞ்சி, ஆனால் மீசை ஒதுக்கி, கண் தெளிவாக, நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி. எனக்குப் பின்னால் அவள் தோட்டம், அதில் இல்லாத பச்சை.

"அத்தப்பன் பேசறேன் கண்ணு. காலையில சாப்புட்டியா?"

"பழைய சோறு."

"மோர் ஊத்திக்கிட்டியா? வெறும் தண்ணிய ஊத்திக்காத. உனக்கு வயிறு சேராது."

அவளுக்கு வயிறு சேராது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

"அண்ணா, ஒன்றரை இஞ்ச் வந்திருக்குதாம். நிறுத்தச் சொல்றாங்க."

"அப்படியா கண்ணு. நல்ல சேதி. இன்னும் ரெண்டு ராடு பாக்கலாம்."

நான் போனைப் பிடுங்கினேன். "டேய், கீழ ஒடைசல் கல்லு. போனா தண்ணி எறங்கிரும்டா."

அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். "இருக்கலாமுங்கண்ணா. உங்க அனுபவம் பெருசுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க." வாதம் பண்ணுகிற தோட்டக்காரர்களை நான் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவேன். வார்த்தை பிசகவில்லை. "கண்ணு ஆசப்படுது. ரெண்டு ராடுதானுங்களே."

கம்ப்ரஸர் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் அங்கிருந்தே கத்தினான். "ரெண்டு அத்தப்பனும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா. டீசல் போகுது."

"மாட்டுங்க," என்றாள் பாவாயி.

நிலத்துக்காரி சொல். போய் ஒரு ராடு தூக்கி மாட்டினேன். என் தங்கச்சி தண்ணீரை நானே உறிஞ்சி எடுக்கப் போகிறேன் என்று தெரிந்தே மாட்டினேன். இருபது அடி இறங்கியது. தண்ணீர் குறையவில்லை, ஆனால் சத்தம் மாறியது. காலி டிரம்மைத் தட்டுகிற மாதிரி. குழந்தைவேல் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தினான். "இதுக்கு மேல நான் பாவத்துல எறங்க மாட்டேன். போய்ப் பேசிட்டு வா."

அவளைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"உனக்கு ஒன்றரை இஞ்ச் பத்தாதா? நீ ஒருத்தி, எரும ரெண்டு."

"பத்தும்."

"அப்புறம் எதுக்கு இன்னும் போடச் சொல்றே?"

கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "போர் முடிஞ்சா அவன் பேச மாட்டான். கீழத் தோட்டத்து நல்லம்மாளுக்கு அப்படித்தான் ஆச்சு. போர் போட்ட மக்காநாள் கூப்புட்டாளாம். ஒரு பொம்பளக் கொரலு, எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றின்னு சொல்லிட்டு வெச்சிருச்சாம்."

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுத்துக் கூட்டுகிற மாதிரி இதையும் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அண்ணன் இப்போ பேசறதில்லை. போர் முடிஞ்சதும் மறந்துட்டாரு.

"அது நானில்ல அம்மணி. அது மிசினு."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கியா? அஞ்சு மாசமாத் தெனமும் பேசறேன். அவரு செத்ததுக்கு நீ மூணாம் நாள் வந்தே. காப்பி குடிச்சே. கயித்துக் கட்டில்ல படுத்தே. பொழுதோட பஸ் ஏறிட்டே. அந்த மிசினு கேட்டுச்சு, மாப்ள கடைசியா என்ன பேசுனாருன்னு. நீ கேட்டியாண்ணா?"

கேட்கவில்லை.

"நான் பேசறேன். இனித் தெனமும் பேசறேன்."

"நீ சொல்லுவே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்று வெயில் அதிகம் என்கிற மாதிரி சொன்னாள்.

திரும்பவும் போனை எடுத்தாள். அதைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாமா என்று நினைத்தேன். கிணற்றிலும் அவ்வளவாகத் தண்ணீர் இல்லை, பிழைத்துக்கொள்வான்.

"அண்ணா."

"சொல்லு கண்ணு."

"நான் போதும்னு சொல்லிட்டா, நாளைக்கு நீ பேசுவியா?"

இதுவரை அவன் கேட்ட நொடியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இதற்குக் கொஞ்சம் தயங்கினான். லேசாகச் செருமினான்.

"மொதல்ல வேல நல்லபடியா முடியட்டும் கண்ணு. அண்ணன் எங்க போயிரப் போறேன். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். அது நான். அவள் மகள் கல்யாணத்துக்கு ஒருவாரம் முன்னாடியே வா என்றபோது சொன்னேன். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஒருநடை வந்துவிட்டுப் போ என்றபோது சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம். மிருதுளா கட்டின மைக் அந்த வார்த்தையையும் விடாமல் எடுத்து வைத்திருக்கிறது. மைக் போட்டிருந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்து எனக்கு வந்த போன்களில் நான் வேறென்ன பேசியிருக்கப் போகிறேன்.

பாவாயி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். இரண்டு மூஞ்சியும் ஒரே மாதிரி திருதிரு என்று விழித்துக்கொண்டிருந்திருக்கும்.

"செரி," என்றாள். "அவனும் நீதான்."

மேட்டிலிருந்து இறங்கிப் போய்க் குழந்தைவேல் முன்னால் நின்று, "போதுமுங்க," என்றாள்.

இருபத்து நான்கு ராடையும் கழற்றினோம். தண்ணீர் ஒன்றரை இஞ்சிலேயே நின்றது. சேறு தெளிந்து கண்ணாடி மாதிரி ஓடியது. எருமைகள் வந்து குடித்தன. நாங்கள் கிளம்பும்போது அவள் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். எனக்குக் கொடுத்த சொம்பிலும் குறை ஒன்றும் இல்லை. பாதியைக் குழந்தைவேலிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரமே மிருதுளாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"எங்களுக்கும் ஒண்ணு புரியாமத்தான் இருந்துச்சுண்ணா," என்றாள். "ஒரு ஆளு வீடியோ பாத்து போர் போட ஒத்துக்கறதுக்கு ஆறு வாரம் ஆகும்னு நெனச்சோம். அஞ்சு மாசம் இழுக்கறாங்க. ஆழமும் கூடுது. தண்ணி கெடச்ச பெறகும் போடச் சொல்றாங்க. பேராசைன்னு நெனச்சோம்."

"எத்தன பேருங்க அப்படி?"

"மூணுல ஒருத்தர். முக்கால்வாசி தனியா இருக்கறவங்க."

"கெடச்ச தண்ணி போயிருச்சுங்களா அவங்களுக்கெல்லாம்?"

"அது எங்க கணக்குல வராதுண்ணா." அவள் குரல் இறங்கியிருந்தது. "போர் முடிஞ்சா ஃபைல மூடிருவோம்."

"மூடாதீங்க. முடிஞ்ச பெறகும் நாலு வார்த்த பேச விடுங்க. அப்ப ஆரும் வீணா பூமியத் தொளைக்க மாட்டாங்க."

"கண்டிப்பா மீட்டிங்ல சொல்றேண்ணா," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மீட்டிங்கிலும் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரத்தில் புதிய திட்டம் வந்தது. போர் போட்டவர்களோடு நிழல் தொடர்ந்து பேசும். முதல் மாதம் இலவசம். பிறகு மாதாமாதம் கட்டினால் பேசும், கட்டாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடும். முதலாளி என் தோளைத் தட்டி, "உன்ற மூளையாமேடா இது," என்று ஒரு சட்டைத்துணி கொடுத்தார். நான் சொல்லி இந்த உலகத்தில் நடந்த முதல் காரியம் அது. மூன்றில் ஒருத்தரை வாசலில் நிறுத்தி டிக்கெட் கிழிக்க வழி சொல்லிக் கொடுத்தேன். துணி நல்ல துணிதான். இன்னும் தைக்கவில்லை.

பாவாயிக்கும் இலவச மாதம் ஆரம்பித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனை முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து ஆறு நாள் ஆனது. என்ன பேசுவது என்று டீசல் பில்லின் பின்பக்கம் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். கொம்பு, கால் எல்லாம் சரிபார்த்து, நானே எழுதியது. ஏழாம் நாள் காலையில், வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தள்ளிப் போய்க் கூப்பிட்டேன்.

"அம்மணி, அண்ணன் பேசறேன்."

"எந்த அண்ணன்?"

"நாந்தான்."

"அவனும் அதத்தான் சொல்லுவான். ஆறு மணிக்கே கூப்புட்டான்."

பில்லைப் பார்த்தேன். "சாப்புட்டியா?"

"கேட்டுட்டான்."

"எருமைக நல்லா இருக்குதுகளா?"

"அதையும் கேட்டுட்டான்."

மூன்றாவது கேள்வி மோட்டாரைப் பற்றியது. அதையும் அவன் விட்டு வைத்திருக்க மாட்டான் என்று தோன்றியது. பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.  அந்தப் பக்கம் எருமை கத்துவது கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"செரி, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "எனக்கு எந்தக் கண்ணுல ஆப்பரேசன் பண்ணாங்க?"

"கண்ணுலயா? உனக்கா? எப்ப?"

 அவள் சிரித்தாள். சிறுசில் என் வேட்டி வேலியில் மாட்டிக் கிழிந்தால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, "அவனுக்குத் தெரியும். நீதான்," என்றாள். "நீயேதான். சொல்லு."

 மாற்றுகிற டயருக்குப் பக்கத்தில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

"எந்தக் கண்ணு அம்மணி?" என்று கேட்டேன்.